கறள் வளரும் கணக்கு: காரைதீவு மாணவி ஒருவரின் கேள்விக்கு

காரைதீவில் உயர்தரத்தில் பொறியியற் தொழினுட்பவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பாடசாலை கேற் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் கறள் பிடிக்கிறது. அம்பாறை டவுனில் மாமா வீட்டு கேற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இதை ஓர் ஆராய்ச்சியாகச் செய்யலாமா? கணிதப் பிரிவில் இல்லாத எங்களால் முடியுமா? எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேண்டும்?"

முடியும் மகள். உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல பரிசோதனையின் பாதி இருக்கிறது. காரைதீவிலிருந்து அம்பாறை வீதியால் மேற்கே போனால் சம்மாந்துறை, மல்வத்தை, அம்பாறை நகர் என்று கடலை விட்டு விலகிக்கொண்டே போகிறோம். வழியில் பெரிய மலை இல்லை, பெரிய தொழிற்சாலைப் புகை இல்லை. கடலுப்பு இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாதை கிடைப்பது கடினம். நீங்கள் தினமும் பஸ்ஸில் போகிற பாதை அது.

கணிதத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறள் எவ்வளவு பிடித்தது என்பது ஒரு தகவல் மட்டும்தான். அது காலத்தோடு எந்த வடிவத்தில் வளர்கிறது என்று கண்டால்தான் உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவரும். அந்த வடிவத்தைப் பிடிக்க மடக்கையும் நேர்கோட்டு வரைபும் போதும். இரண்டும் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் தொடுகிறவைதான்.

முதலில் கரையில் ஏன் இப்படி என்று பார்ப்போம். அலை உடையும்போது எழும் நுண்திவலைகள் உப்பைக் காற்றில் ஏற்றுகின்றன. பெரிய திவலைகள் கரைக்கு அருகிலேயே விழுந்துவிடும். அதனால் உப்புப் படிவு முதல் சில நூறு மீற்றருக்குள் வேகமாகக் குறைந்து, பிறகு மெதுவாகக் குறைந்துகொண்டு போகும். இரும்பில் படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் சாரீரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் உண்டு. அதற்கு சுமார் 33 சதவீதமே போதும். மாரி காலத்தில் வீட்டு உப்புச்சாடி கசிவதும் இதே காரணத்தால்தான். மத்திய மலைகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருகிற கச்சான் காற்று அடிக்கும் பகலில் கூட, உப்புப் படிந்த இரும்பின் மேற்பரப்பு முழுக்க உலர்ந்துவிட்டது என்று நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருந்தாலே மின்னிரசாயனத் தாக்கம் ஓடும்.

மழை கறளைக் கூட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கரையோரத்தில் அது பாதி உண்மை. மழை உப்பைக் கழுவியும் விடுகிறது. மழை நேரே படாத கூரைத் தகரத்தின் அடிப்பக்கம், கேற்றின் கீழ்ச்சட்டத்தின் உட்புறம், இறவாணத்துக்குக் கீழே இருக்கும் கொக்கிகள் ஆகியவற்றில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். உங்கள் கேற்றில் எந்தப் பக்கம் முதலில் கறள் வந்தது என்று போய்ப் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கமா, மழை படாத பக்கமா? பெயின்ற் அடிக்கமுன் பழைய உப்பை நல்ல தண்ணீரால் கழுவினார்களா என்றும் விசாரியுங்கள். கழுவாவிட்டால், பெயின்ற்றுக்குக் கீழே அடைபட்ட உப்பு நீரைப் படலத்தினூடாக இழுத்துக் கொப்புளம் போட வைக்கும். எத்தனை தரம் அடித்தாலும் திரும்ப வருவதற்கு இது மிகச் சாதாரணமான ஒரு காரணம்.

உலோக அரிப்பின் அடிப்படையைக் காட்ட ஒரே ஒரு துளி போதும். பிரித்தானிய ஆய்வாளர் உலிக் எவன்ஸ் 1920களில் செய்து காட்டியது இது. நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் உப்புக்கரைசல் ஒரு துளி விடுங்கள். அந்தக் கரைசலில் சிறிதளவு பொற்றாசியம் பெரிசயனைட்டும் பினோத்தலீனும் கலந்திருக்க வேண்டும். (பெரிசயனைட்டை அமிலத்தோடு சேர்க்கக் கூடாது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.) கொஞ்ச நேரத்தில் துளியின் நடுவில் நீலம், ஓரத்தில் இளஞ்சிவப்பு. நீலம் வந்த இடத்தில் இரும்பு அயனாகக் கரைகிறது, அது அனோட்டு. சிவப்பு வந்த இடத்தில் ஒட்சிசன் இலத்திரன்களை வாங்கி ஐதரொட்சைட்டு உண்டாகிறது, அது கதோட்டு.

இதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மாறித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஒட்சிசன் அதிகம் கிடைக்கிற ஓரம் பாதுகாப்பாக இருக்கிறது, குறைவாகக் கிடைக்கிற நடுப்பகுதி கரைகிறது. வொஷருக்கு அடியில், போல்ட் தலைக்குக் கீழே, இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடுக்கில் உலோகம் ஏன் மோசமாகத் தின்னப்படுகிறது என்பதற்கு விளக்கம் இந்தத் துளிக்குள் இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போனால் கல்லடியில் 2013இல் திறந்த புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் பிரித்தானியர் காலத்துப் பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. நடைபாதையில் நின்றே பாருங்கள், ஏற வேண்டாம். தட்டையான பரப்பையும் தகடுகள் சந்திக்கும் இடங்களையும் ஒப்பிட்டால் எவன்ஸின் துளி பெரிய அளவில் தெரியும்.

இனி அளவீடு. பாடசாலைச் செயற்றிட்டங்களில் நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். அழகான கண்காட்சி அட்டை இருக்கும், படம் இருக்கும், "கரையில் கறள் கூட" என்ற முடிவு இருக்கும். எண் இருக்காது. எண் இருந்தாலும் அதன் வழு எவ்வளவு என்று இருக்காது. வழு சொல்லப்படாத எண்ணை வைத்து இரண்டு இடங்களை ஒப்பிட வழியே இல்லை.

கறளை எதனால் அளப்பது? பட்டறையில் பழகிய பிள்ளைகள் உடனே நுண்மானித் திருகுக்கணிச்சியைத்தான் எடுப்பார்கள். கணக்கைப் பாருங்கள். 100 மில்லிமீற்றருக்கு 150 மில்லிமீற்றர், 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தட்டை எடுத்தால், ஓரங்களையும் சேர்த்து அதன் பரப்பு 0.031 சதுர மீற்றர். இரும்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.87 கிராம் என்பதால் தட்டின் திணிவு சுமார் 236 கிராம். இதன் முழுப் பரப்பிலும் ஒரு மைக்ரோமீற்றர் ஆழத்துக்கு உலோகம் போனால் திணிவு 0.24 கிராம் குறையும். 0.01 கிராம் காட்டும் சாதாரண இலத்திரனியல் தராசு, அப்படியென்றால், சுமார் 0.04 மைக்ரோமீற்றர் இழப்பையே உணர்கிறது. திருகுக்கணிச்சியின் இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர், அதாவது 10 மைக்ரோமீற்றர். தராசு அதைவிட இருநூற்று நாற்பது மடங்கு நுண்மையானது. நீளத்தை அளக்க மிகக் கூர்மையான கருவி இங்கே தராசாகிவிடுகிறது. கருவியைத் தெரிவதற்கு முன் இப்படி ஒரு கணக்குப் போடுவதைத்தான் நான் ஆராய்ச்சிப் பழக்கம் என்று சொல்வேன்.

தட்டுகளை ஒரே தகட்டிலிருந்து வெட்டுங்கள். ஓரங்களை அரத்தால் மழுக்கி, எண்ணெய் போகக் கழுவி, உலர்த்தி, எண்ணிட்டு, நிறுங்கள். கம்பியால் கட்ட வேண்டாம். செப்புக் கம்பி தொட்டால் அது வேறொரு மின்கலமாகிவிடும். தங்கூசி நூலால் கட்டுங்கள், அல்லது பிளாஸ்ரிக் வொஷர் வைத்து மரச்சட்டத்தில் சாய்வாகப் பொருத்துங்கள். மூன்று இடம், ஒவ்வோர் இடத்திலும் நான்கு காலம் (1, 2, 4, 8 மாதம்; ஏன் என்று பின்னால் சொல்கிறேன்), ஒவ்வொரு காலத்துக்கும் மூன்று தட்டு என்றால் 36 தட்டு, எட்டரைக் கிலோ உருக்கு. மூன்று தட்டு ஏன் என்று கேட்பீர்கள். ஒரே இடத்தில் ஒரே நாள் தொங்கிய மூன்றும் ஒரே எண்ணைத் தராது. அவற்றுக்கிடையிலான வித்தியாசம்தான் உங்கள் எழுமாற்று வழு. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் மட்டுமே இடத்தைப் பற்றிப் பேசலாம்.

கறளை அகற்றுவதும் அளவீட்டின் ஒரு பகுதிதான். சித்திரிக்கமிலக் கரைசலில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்த்தால் கறள் போகும், ஆனால் நல்ல உலோகமும் கொஞ்சம் போகும். அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரே அளவு நேரம் ஊறவைத்து, தேய்த்து, உலர்த்தி, நிறுங்கள். திரும்பத் திரும்பச் செய்து, சுற்று எண்ணுக்கு எதிராகத் திணிவு இழப்பை வரைபாக்குங்கள். முதலில் செங்குத்தாக ஏறும், பிறகு படித்திறன் குறைந்த ஒரு நேர்கோடாக மாறும். அந்த இரண்டாவது கோடு நல்ல உலோகம் கரைவது. அதைப் பின்னோக்கி நீட்டி, சுற்று எண் பூச்சியமாகும் இடத்தில் வாசித்தால் கறளுக்குப் போன உலோகம் கிடைக்கும். கறளே பிடிக்காத ஒரு தட்டையும் இதே சுற்றுகளுக்கு உட்படுத்துங்கள். இரண்டாவது கோட்டின் படித்திறனும் அந்தத் தட்டின் படித்திறனும் ஒத்துவந்தால் உங்கள் வேலை சரி.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச நியமம் சாதாரண காபன் உருக்கின் முதல் ஆண்டு இழப்பை வைத்து வளிமண்டலங்களை வகுக்கிறது. 25 முதல் 50 மைக்ரோமீற்றர் நடுத்தரம், 50 முதல் 80 உயர்வு, 80 முதல் 200 மிக உயர்வு, 200 முதல் 700 அதீதம். எட்டு மாத அளவை நேரே பெருக்கி ஓர் ஆண்டாக்கக் கூடாது, ஏனென்றால் வளர்ச்சி நேர்கோடல்ல. கணிதம் வேலைக்கு வருவது இங்கேதான்.

கறள் படை தடிக்கத் தடிக்க, ஒட்சிசனும் நீரும் அயன்களும் அதனூடாகப் பரவ எடுக்கும் நேரம் கூடும். வளரும் வீதம் தடிப்புக்கு நேர்மாறு விகிதசமன் என்று வைத்துக்கொள்வோம். தடிப்பை த என்றும், காலத்தை கா என்றும், மாறிலியை க என்றும் எழுதினால், த இன் வளர்ச்சி வீதம் = க ÷ த. தொகையிட்டால் த² = 2 × க × கா. தடிப்பு காலத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. இரண்டு மடங்கு தடிக்க நான்கு மடங்கு காலம் வேண்டும். உயர் வெப்பநிலையில் உலோகங்களில் ஒட்சைட்டுப் படை வளர்வதற்கு இந்த விதியை தம்மன் என்ற ஆய்வாளர் 1920இலும், பில்லிங், பெட்வேர்த் என்ற இருவர் 1923இலும் எழுதினார்கள். அதற்கும் முன்னரே, 1889–91 காலத்தில், ஜோசப் ஸ்டெஃபான் என்ற பௌதிகவியலாளர் துருவக் கடலில் பனிக்கட்டி தடிப்பதை இதே வடிவில் கணித்திருந்தார். பனிக்கட்டியினூடாக வெளியேறுவது வெப்பம், ஒட்சைட்டினூடாக நகர்வது அயன்கள். சமன்பாடு ஒன்றுதான். எல்லையே நகர்ந்துகொண்டிருக்கும் இப்படிப்பட்ட பிரச்சினைகள் இன்றும் ஸ்டெஃபான் பிரச்சினைகள் என்ற பெயரில் கணிதத்தில் உயிருள்ள ஆய்வுத்துறை.

நிஜக் கறள் இவ்வளவு ஒழுங்கானதல்ல. வெடிக்கும், உதிரும், குளோரைட்டு புகுந்து துளையிடும். ஆகவே அடுக்கை முன்கூட்டியே அரை என்று எழுதாமல் ந என்று விட்டுவிடுகிறோம்: இழப்பு = அ × காலத்தின் ந ஆம் அடுக்கு. இரு பக்கமும் மடக்கை எடுத்தால் மட இழப்பு = மட அ + ந × மட காலம். இது நேர்கோடு, இதன் படித்திறன் ந. தட்டுகளை 1, 2, 4, 8 மாதங்களில் எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். மடக்கை அச்சில் அவை சம இடைவெளியில் விழும். ஒவ்வொரு இரட்டிப்பிலும் இழப்பு 1.41 மடங்கானால் ந அரை, கறள் தன்னாலேயே தன்னைத் தடுக்கிறது. 2 மடங்கானால் ந ஒன்று, கறள் இருந்தும் பயனில்லை, வெறும் இரும்பு போலவே தின்னப்படுகிறது.

இந்த ஒரு எண்ணின் விளைவைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 9224 காபன் உருக்குக்குத் தரும் ந 0.523. முதல் ஆண்டில் 80 மைக்ரோமீற்றர் போகும் இடத்தில், அந்த அடுக்கின்படி பத்து ஆண்டில் சுமார் 267 மைக்ரோமீற்றர் போகும். ந ஒன்றானால் 800. முதலாவதில் ஒரு மில்லிமீற்றர்த் தகரம் மெலிந்தாலும் தாங்கும், இரண்டாவதில் கையால் தொட்டால் உடையும். உப்பு கூடக் கூட ந உயரும் என்பது அறியப்பட்ட போக்கு. கரையிலும் சம்மாந்துறையிலும் ந வேறுபடுகிறதா என்பதுதான் உங்கள் ஆராய்ச்சிக் கேள்வி என்று நான் சொல்வேன். "எங்கே கறள் கூட" என்ற கேள்வியின் விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இதன் விடை தெரியாது.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். எட்டு மாதத்துக்குள் பருவம் மாறிவிடும். ஆனியில் தொடங்கினால் முதல் இரண்டு மாதம் கச்சான், கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்றும் கொந்தளிக்கும் கடலும். இழப்பு பிற்பாதியில் கூடினால் அது கறளின் இயல்பா, பருவத்தின் வேலையா? பிரிக்க வழி, ஒவ்வோர் இரண்டு மாதமும் புதிதாக மூன்று தட்டைத் தொங்கவிட்டு இரண்டே மாதத்தில் எடுப்பது. அவை பருவத்தின் வலிமையைத் தனியாகச் சொல்லும். உப்புப் படிவையும் நேரே அளக்கலாம். போத்தல் நீரில் ஒரு முனை தோய்ந்த துணித்திரியை மழை படாமல் காற்றில் வைத்து, ஒரு மாதத்தின் பின் அதிலுள்ள குளோரைட்டை வெள்ளி நைத்திரேற்றால் நியமிப்புச் செய்ய வேண்டும். இரசாயன ஆய்வுகூட ஆசிரியரின் உதவியோடு இது பாடசாலையிலேயே நடக்கக்கூடியது.

கூரைத் தகரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சராசரி பயன்படாது. கூரை ஒழுகுவது சராசரி ஆழத்தால் அல்ல, ஆக ஆழமான ஒரே ஒரு துளையால். இதற்கு உச்சங்களின் புள்ளிவிவரவியல் என்ற தனிக் கணிதமே உண்டு. வெள்ளப்பெருக்குக்கு கம்பல் என்ற கணிதவியலாளர் பயன்படுத்திய பரம்பலை, 1956இல் அசிஸ் என்ற ஆய்வாளர் அலுமினியத்தின் துளை ஆழங்களுக்குப் பயன்படுத்தினார். ஒரே அளவான பல துண்டுகளில் ஒவ்வொன்றினதும் ஆக ஆழமான துளையை மட்டும் அளக்க வேண்டும். நுணுக்குக்காட்டியில் துளையின் வாயையும் அடியையும் மாறி மாறித் தெளிவாக்கி, நுண்திருகு நகர்ந்த தூரத்தை எடுக்கலாம். அந்த எண்களிலிருந்து ஓர் இடப்பரமானமும் (ஆழங்கள் எந்த அளவைச் சுற்றி இருக்கின்றன என்பது) ஒரு பரவல் பரமானமும் (அவை எவ்வளவு சிதறுகின்றன என்பது) கிடைக்கும். பரப்பு 100 மடங்கானால் எதிர்பார்க்கும் ஆக ஆழம் 100 மடங்காவதில்லை. பரவல் பரமானத்தின் 4.6 மடங்குதான் கூடும், அது 100இன் இயற்கை மடக்கை. கைக்கடக்கமான துண்டுகளை அளந்து முழுக் கூரையைப் பற்றிப் பேச வைக்கிற கணிதம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. வயதில் இளைய பிரிவு என்பதால், "கணிதம் வராதவர்கள் போகும் இடம்" என்று சிலர் பிள்ளைகளின் காதுபடவே சொல்கிறார்கள். அது எனக்குக் கோபம் தருகிறது. இணைந்த கணிதம் படிக்காததால் பொறியியல் பீடத்துக்கு நேர்வழி இல்லை என்பது உண்மை. அதை அறிந்தே திட்டமிட வேண்டும். ஆனால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழினுட்பவியல் பீடங்கள் இருக்கின்றன. பட்டத்தின் இறுதியில் ஆய்வுச் செயற்றிட்டம் வரும்போது, தட்டை எப்படி வெட்டுவது, எங்கே வழு நுழையும் என்று கையால் அறிந்த பிள்ளை முன்னால் நிற்கும். வகையீட்டுச் சமன்பாட்டை அங்கே படித்துக்கொள்ளலாம். உங்கள் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளும் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரிதான். பழந்தமிழ் யாழின் நரம்பு நீள விகிதங்களைக் கணித்தது அவரது பல ஆண்டு ஆராய்ச்சி. இசையும் கணிதமும் ஒரே மேசையில் இருக்கலாம் என்று அந்த ஊரில் யாரும் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை.

எப்போது தொடங்குவது என்றால், வடகீழ்ப் பருவத்துக்கு முன், புரட்டாதியில் முதல் தொகுதியைத் தொங்கவிடுவது நல்லது. 8 மாதம் சித்திரை, வைகாசி அளவில் முடியும். பாடசாலைக் கூரை, சம்மாந்துறையில் ஒரு தோழியின் வீடு, அம்பாறையில் மாமா வீடு ஆகிய மூன்றுக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சட்டத்தில் "பரிசோதனை, தொட வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். பதிவேட்டில் திகதி, தட்டு எண், தராசு காட்டியது, அன்றைய காற்று எல்லாவற்றையும் பேனையால் எழுதுங்கள். பிழைத்த எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டுங்கள். தட்டு ஒன்று காணாமல் போனால் அதையும் எழுதுங்கள், வேறொரு தட்டின் எண்ணை அந்த இடத்தில் போட வேண்டாம். இரண்டாம் மாத எண்கள் வந்ததும் முதலாம் மாதத்தோடு விகிதம் எடுத்துப் பாருங்கள். அது 1.41க்கு அருகிலா 2க்கு அருகிலா என்று எழுதி அனுப்பினால், மூன்று தட்டின் வழுவை அந்த விகிதத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அடுத்ததாகச் சொல்கிறேன்.